மழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்க மடிப்பாக்கத்துல குடியிருக்கோம். 2015 டிசம்பர்ல ஒரு தடவை, 2023 மிக்ஜாம் புயலப்போ இன்னொரு தடவை வீட்டுக்குள்ள தண்ணி வந்து பிரிட்ஜ், மெத்தை, பசங்க சர்டிபிகேட்னு எல்லாம் நாசமாச்சு. பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், பள்ளமான ஏரியா, தண்ணி வரத்தான் செய்யும்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஆனா போன வருஷம் ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன மழை, அரை மணி நேரம்கூட பெய்யல, அதுக்கே கணுக்கால் வரைக்கும் தண்ணி நின்னுச்சு, மழைநீர் வடிகால் இருக்கே ஏன் எறங்கலனு குனிஞ்சு பாத்தா ரோட்டோரம் தண்ணி உள்ள போற கம்பி மேல புங்க இலை, பால் கவரு, டீ கப்பு, ஒரு சின்னக் குழந்தையோட செருப்பு எல்லாம் அடை மாதிரி ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு. குச்சியால வழிச்சு விட்டதும் கடகடனு தண்ணி எறங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, இவ்ளோ நாளா இதைக்கூட பாக்காம இருந்துட்டோமேனு.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணிக்கு ஏழு பேர் சேந்தோம். மம்முட்டி, விளக்குமாறு, நாலு சாக்கு, ஆளுக்கு ஒரு கிளவுஸ், கால்ல பூட்ஸ் (எலிக் காய்ச்சல் பயம் இருக்கு, வெறுங்கால்ல யாரும் எறங்காதீங்க). 2019லயே தடை பண்ண கேரிபேகும் பிளாஸ்டிக் கப்பும்தான் சாக்குல பாதி. மேல இருக்குற குப்பையை அள்ளுறது மட்டும்தான் எங்க வேலை. மூடியைத் தொறந்து உள்ள எறங்குறது கூடவே கூடாது, சாக்கடைக்குள்ள மனுஷனை எறக்குறதை 2013லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு, கூலி குடுத்து வேற யாரையும் எறக்கவும் கூடாது. தூர் வார்றது மாநகராட்சி மெஷின் வச்சு செய்ய வேண்டியது, அதை நாம இழுத்துப் போட்டுக்கிட்டா அவங்க பொறுப்பு கழண்டு போயிடும்.

இதுல கெடச்ச பெரிய லாபம் என்னன்னா தெருவைப் பத்தி எங்களுக்கே அப்பதான் முழுசா தெரிஞ்சுது. மொத்தம் பதினாலு எடத்துல தண்ணி எறங்க வழி வச்சிருக்காங்க, அதுல அஞ்சு ரோடு போடும்போது தாரோட சேத்து மூடிக் கெடக்கு. ரெண்டு வீட்டு கழிவுநீர் பைப் நேரா மழைநீர் வடிகால்ல விட்டிருக்காங்க, பேசினோம், ஒருத்தர் மாத்திட்டார், இன்னொருத்தர் இன்னும் சண்டைக்கு வர்றார். எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல படமா வரைஞ்சு போட்டோவோட வச்சிருக்கோம்.

இதைக் கொண்டு போய் சொல்லத்தான் ஏரியா சபைனு ஒண்ணு இருக்கு. கிராம சபை மாதிரி நகரத்துலயும் வேணும்னு 2022ல கொண்டு வந்தது, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னைக்கு நடந்துச்சு. ஆனா எங்க ஏரியால அது எப்போ, எங்க கூடுதுனு முடிஞ்சப்புறம்தான் தெரிய வருது. ஒரு வாரம் முன்னாடியே தெருமுனைல நோட்டீஸ் ஒட்டணும், உங்க பத்திரிகையும் வார்டு வாரியா தேதி போட்டா ரொம்ப உதவியா இருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு நாள் அதிகம் இல்ல. மாநகராட்சியோட புகார் நம்பர் 1913க்குப் போன் பண்ணி புகார் பதிவு பண்ணியாச்சு, தார் மூடாத மீதி ஒன்பது எடத்தையும் இந்த ஞாயித்துக்கிழமை சுத்தம் பண்றோம். தார் மூடிக் கெடக்குற அந்த அஞ்சையும் ஒடைச்சுத் தொறந்து குடுங்கனு அதிகாரிகளை உங்க மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் வாசகர், சென்னை