அப்பாவின் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பாவின் வலது கண்ணில் பார்வை திரும்பிவிட்டது. அதற்காக ஓடியாடி உழைத்தவர்கள் பல பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்வதுதான் முறை, ஆனால் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் மேலூர் பக்கம். பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். ஐப்பசி மழையில் அப்பாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொடவிடாமல் வலி. ஊசி போட்டதும் விட்டது, அதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டோம். தை மாதம் வலது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசி, பார்வை புகை மூட்டமாகிவிட்டது.

மெட்ராஸ் ஐ என்றுதான் ஊரே சொன்னது. முதல் நன்றி பக்கத்து வீட்டு மதினிக்கு. "மெட்ராஸ் ஐன்னா பூளை தள்ளும், காலையில இமை ஒட்டிக்கும். மாமாவுக்கு இது ரெண்டும் இல்லையே" என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்ற அப்பாவை அன்றைக்கே கிளப்பியதும் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் கண்ணைச் சோதித்துப் பார்க்கிற பார்வை மையத்தில் இருந்த தங்கையே, உன் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். கருவியில் அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் மதுரையில் இருந்த டாக்டரை வீடியோவில் அழைத்தாய். நாங்கள் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாய். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் திண்டாடியிருப்போம்.

அப்புறம் டாக்டர் அம்மா. நீங்கள் கேட்ட கேள்விகள் எனக்கு முதலில் விளங்கவே இல்லை. கண்ணைக் காட்ட வந்தவரிடம் வாய்ப்புண் அடிக்கடி வருமா, காலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளுமா, மூட்டு வீங்குமா, நாள்பட்ட இருமல் உண்டா, மாடு வளர்க்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். கடைசியில், கொஞ்ச நாளைக்கு முன்னால் காய்ச்சல் வந்ததா என்றீர்கள். அப்பா கெண்டைக்காலைத் தடவிக் காட்டினார்.

கண்ணுக்குள்ளே வந்த அழற்சிக்கு யுவியைட்டிஸ் என்று பெயர் சொன்னீர்கள். காசநோய், மேகநோய், முதுகெலும்பு வாதம் என்று உடம்பில் எங்கேயோ இருக்கிற நோய் கண்ணில் இப்படி வந்து நிற்கலாம், அதனால்தான் இத்தனை கேள்வி என்றீர்கள். எனக்குத் திரையிலும் காட்டினீர்கள். இருட்டு அறையில் ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயிலில் தூசி மிதக்குமே, அப்படி, கருவியிலிருந்து கண்ணுக்குள் விழுந்த ஒளிக்கீற்றில் வெள்ளணுக்கள் மிதந்தன. கருவிழிக்கு அடியில் மெல்லிய வெள்ளைக் கோடாகச் சீழ் படிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இது சொட்டு மருந்து வாங்கிப் போட்டுச் சும்மா இருந்துவிடுகிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

நெஞ்சு எக்ஸ்ரே, சர்க்கரை, காசநோய்க்கான தோல் ஊசி எல்லாம் எடுத்தார்கள். விடை கிடைத்தது எலிக்காய்ச்சல் பரிசோதனையில். ஐப்பசியில் அப்பாவுக்கு வந்த காய்ச்சல் அதுதான். அந்த ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலை உண்டாக்குகிற லெப்டோஸ்பைரா கிருமிகளை உயிரோடு வளர்த்து வைத்திருந்து, நோயாளியின் ரத்தநீரை அவற்றோடு கலந்து, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எங்கள் கண்ணில் படாமல் ஓர் அறைக்குள் இந்த வேலையைச் செய்தவர்களே, உங்களுக்குக் கோடி நன்றி.

எங்களுக்கு முன்னால் இதே நோயில் கஷ்டப்பட்டவர்களையும் நினைக்கிறேன். 1993 கடைசியில் பெருமழை பெய்து வெள்ளம் வந்தது. 1994இல் இதே மாதிரிக் கண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வரிசையாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். அந்த மருத்துவமனையின் டாக்டர் ரத்தினமும் உடன் வேலை செய்தவர்களும் 73 நோயாளிகளை ஆராய்ந்து, எலிக்காய்ச்சலோடு உள்ள தொடர்பை 1997இல் வெளியிட்டார்கள். கண் டாக்டர் அப்பாவிடம் காய்ச்சலைப் பற்றிக் கேட்டதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. அன்றைக்கு ரத்தம் கொடுத்த அந்த 73 பேருக்கும் எங்கள் வீட்டின் வணக்கம்.

வைத்தியம் லேசாக இல்லை. ஸ்டீராய்டு சொட்டு மணிக்கொரு தடவை. மருந்து அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும். கண் பாப்பா உள்ளே இருக்கிற லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதை விரித்து வைக்கிற இன்னொரு சொட்டு. நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் மதினி மகள் போனில் அலாரம் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படித்தபடியே போட்டுவிட்டாள். தாத்தா, அண்ணாந்து பாருங்க என்ற குரல் தெருவுக்கே கேட்கும். கண்ணு, நீ நல்லா இருக்கணும்.

அப்பா சர்க்கரைக்காரர். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் சர்க்கரை ஏறியது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா வீட்டுக்கே வந்து விரலில் குத்திப் பார்த்து, டாக்டரிடம் கேட்டு மருந்தைக் கூட்டினார். அதோடு விடவில்லை. அந்த மழையில் யார் யார் வீட்டில் காய்ச்சல் வந்தது என்று தெருத்தெருவாக விசாரித்து, இனி யாருக்காவது கண் சிவந்தாலோ, பார்வையில் பூச்சி பறக்கிற மாதிரி தெரிந்தாலோ உடனே தன்னிடம் வரச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் போய்ப் பல மாதம் கழித்தும் கண்ணில் வரலாம் என்பது எங்கள் தெருவில் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

மாட்டு டாக்டர் ஐயாவுக்கும் நன்றி. கிருமி எலி மூத்திரத்தில் மட்டுமல்ல, மாட்டு மூத்திரத்திலும் வரும் என்று சொல்லி, தொழுவத்தில் தேங்காமல் வடிய வாய்க்கால் வெட்டச் சொன்னார். சேற்றில் பூட்ஸ் போட்டு நடவு நட முடியாது என்பது அவருக்கும் தெரியும். காலில் வெட்டுக்காயம், பித்தவெடிப்பு இருந்தால் ஆறுகிற வரை வயலில் இறங்காதீர்கள் என்று மட்டும் அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா படுத்திருந்தபோது மடை திருப்பிவிட்ட சித்தப்பா, காசு வாங்காமல் ஓட்டிய ஆட்டோ அண்ணன், மருந்தை மதுரையிலிருந்து வரவழைத்துத் தந்த மெடிக்கல்காரர், எல்லோருக்கும் நன்றி.

டாக்டர் அம்மா, அந்தக் கண்ணில் புரை விழத் தொடங்கிவிட்டது என்றீர்கள். அழற்சி அடங்கிக் குறைந்தது மூன்று மாதமாவது கண் அமைதியாக இருந்தால்தான் ஆபரேஷன் என்றும் சொன்னீர்கள். சரி, காத்திருக்கிறோம். சொட்டைக் குறைக்கச் சொன்ன கணக்கில்தான் குறைத்துவருகிறோம். ஆபரேஷனுக்கும் உங்களிடம்தான் அழைத்து வருவேன்.

நன்றியுடன்,
மேலூர் பக்கத்து மகள்