கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்குக் கட்டைப்பை வேண்டாம்

ஆசிரியருக்கு,

மும்பைக்கு முதல் முறை வருபவர்கள் பார்க்க வேண்டிய இடங்களில் கிராஃபோர்ட் மார்க்கெட்டையும் உங்கள் கட்டுரையாளர் சேர்த்திருக்கிறார். சந்தோஷம். ஆனால் அதை 'காய்கறி, பழமெல்லாம் மலிவாகக் கிடைக்கும் மொத்தச் சந்தை' என்று எழுதியிருப்பது பழைய கதை. மொத்த வியாபாரம் 1996-லேயே நவி மும்பையில் இருக்கும் வாஷிக்குப் போய்விட்டது. இப்போது கிராஃபோர்ட் மார்க்கெட்டில் நடப்பது பெரும்பாலும் சில்லறை வியாபாரம்தான். இது தெரியாமல் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கட்டைப்பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கே விலையைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போகிறது. அப்புறம் 'உங்க மும்பையில எல்லாமே கொள்ளை' என்று பேச்சு கேட்பது செம்பூரில் குடியிருக்கும் நாங்கள்!

அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டடத்துக்காகவே ஒருமுறை போகலாம். சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். 1869-இல் கட்டி முடித்தது. வடிவமைத்தவர் வில்லியம் எமர்சன். கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபமும் பின்னாளில் அவர் வடிவமைத்ததுதான். நகரின் முதல் முனிசிபல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டின் பெயரை வைத்தார்கள். இன்றைய பெயர் மகாத்மா ஜோதிபா பூலே மண்டயி (மராத்தியில் சந்தை) என்றாலும் டாக்சிக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டி நகரும். வாசலுக்கு மேலே இந்திய விவசாயிகளைக் காட்டும் கல் சிற்பங்கள் இருக்கின்றன. பக்கத்திலிருக்கும் ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த லாக்வுட் கிப்ளிங்கின் வேலை. எழுத்தாளர் ருட்யார்டின் அப்பா. உள்ளே நுழைகிற அவசரத்தில் யாருமே அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்ப்பதானால் ஓரமாக நின்று பாருங்கள். தலையில் கூடையோடு வருகிறவர் உங்களுக்காக நிற்க மாட்டார், நிற்கவும் முடியாது.

வாங்குவதென்றால் ஏப்ரல், மே மாதங்களில் ஹாபூஸ் வாங்கலாம். நம் ஊரில் அல்போன்சா என்போமே, அதுதான். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய குறை. பங்கனபள்ளியை எடை போட்டு வாங்கிப் பழகிய நமக்கு இங்கே டஜன் கணக்கு. மொத்தமாக வேண்டுமென்றால் பேட்டி, அதாவது வைக்கோல் பரப்பி அடுக்கிய பெட்டி. கடைக்காரர் மேல் அடுக்கைத்தான் திறந்து காட்டுவார். கீழ் அடுக்கையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். போன வருடம் கோயம்புத்தூர் போன எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் போய்ப் பெட்டியைப் பிரித்தால், மேலே இருந்ததில் பாதி அளவுதான் கீழே இருந்த பழம்.

இன்னொன்று, பெட்டியில் தேவ்கட் (அல்போன்சாவுக்குப் பேர்போன கொங்கணக் கடற்கரை ஊர்) என்று அச்சடித்திருந்தால் மட்டும் அது தேவ்கட் பழமாகிவிடாது. கர்நாடகத்து அல்போன்சாவும் அதே பெயரில் கலந்து வருவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரத்னகிரி, சிந்துதுர்க் முதலான கொங்கண மாவட்டங்களின் பழத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் இது நின்றபாடில்லை. ஒரு பழத்தை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கொங்கணப் பழத்துக்குத் தோல் மெல்லிசு, உள்ளே குங்குமப்பூ நிறம். மற்றது கொஞ்சம் தடித்த தோல், மஞ்சள் சதை. கர்நாடகப் பழத்தை நான் மட்டமென்று சொல்லவே மாட்டேன், நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு தேவ்கட் விலை ஏன் கொடுக்க வேண்டும்?

சமையலுக்குக் காய் வேண்டுமானால் விடிகாலையில் தாதர் போங்கள். வாழையிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தொடுத்த மல்லிகை, அரைத்த காபித் தூள் என்றால் மாட்டுங்கா ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம். அங்கே தமிழிலேயே பேரம் பேசலாம், ஆனால் அதிகம் குறைக்க மாட்டார்கள்.

வாஷி சந்தையைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்களேன். போடும்போது, அங்கே பெட்டிக் கணக்கிலும் மூட்டைக் கணக்கிலும்தான் வியாபாரம், அரைக் கிலோ தக்காளிக்கு யாரும் போக வேண்டாம் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த விடுமுறைக்கு என் நாத்தனார் குடும்பம் வருகிறது.

– ஒரு வாசகி, செம்பூர், மும்பை