'தேர்வு' என்றால் எந்தத் தேர்வு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'சர்வதேசப் போட்டிக்குத் தேர்வு' என்று விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வரி வந்துவிட்டால் போதும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் தெருவே சேர்ந்து பணம் போடும். வீட்டு நகை அடகுக்குப் போகும். கபடியோ கேரமோ குத்துச்சண்டையோ என்றால், அந்தத் தேர்வு எங்கே, எப்படி நடந்தது என்று கேட்டுச் சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். சியர்லீடிங்குக்கு அப்படி ஆள் இல்லை. அதில் 'தேர்வு' என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள் ஒளிந்திருக்கிறது. பிள்ளையின் பெயரில் அப்படி ஒரு கடிதம் வந்தால், பணம் கட்டும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறோம்.

சேப்பாக்கத்தில் பவுண்டரி போனால் ஆடுவது வேறு, இது வேறு. இரண்டரை நிமிட இசைக்குள் தூக்குதல், பிரமிட், மேலே எறிந்து பிடித்தல், கரணம், நடனம் எல்லாம் செய்து நடுவர்களிடம் மதிப்பெண் வாங்கும் போட்டி இது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதன் உலகச் சங்கமான ஐ.சி.யு.வுக்கு 2021-இல் முழு அங்கீகாரம் கொடுத்தது. அதனால் ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளின் பட்டியலில் இது இல்லை.

குழப்பம் தொடங்குவது 'உலக சாம்பியன்ஷிப்' என்ற பெயரில்தான். அந்தப் பெயரில் இரண்டு போட்டிகள், இரண்டுமே அமெரிக்காவின் ஒர்லாண்டோவில், டிஸ்னி வளாகத்தில், ஏப்ரல் மாதத்தில், ஏறக்குறைய அடுத்தடுத்து நடக்கின்றன. ஐ.சி.யு. நடத்துவது நாடுகளுக்கானது. ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஓர் அணிதான். 16 முதல் 24 பேர் வரை. அந்த அணியை அனுப்பும் உரிமை ஐ.சி.யு. உறுப்பினராக உள்ள தேசியச் சங்கத்துக்கு மட்டுமே. நம் பள்ளி விளையாட்டில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறுகிற ஏணியோடு ஓரளவு ஒப்பிடக்கூடியது இதுதான். அதில் இசைக்கு முன்பு குறைந்தது 30 விநாடி கோஷப் பகுதி உண்டு. தாய்மொழியில் கோஷம் போடுவதை மதிப்பெண் தாளே ஊக்குவிக்கிறது என்பது பலருக்குத் தெரியாத சுவையான செய்தி.

மற்றது கிளப் அணிகளுக்கானது, 2004 முதல் நடக்கிறது. இதில் நாட்டின் பெயரில் போக வேண்டியதில்லை; பயிற்சிக்கூடத்தின் பெயரில் போகலாம். செய்யும் வித்தைகளின் கடினத்தைப் பொறுத்து அணிகளை நிலை 1, 2, 3 என்று பிரிப்பார்கள்; இதில் மேல் நிலை அணிகளுக்கு மட்டுமே இடம். கீழ் நிலைகளுக்கும் சிறு வயதினருக்கும் 2013 முதல் மே மாதத்தில் 'சம்மிட்' என்ற வேறொரு போட்டி இருக்கிறது. நல்ல போட்டிதான், ஆனால் அது உலக சாம்பியன்ஷிப் இல்லை.

கிளப் போட்டிக்குப் போக வேண்டுமானால் 'பிட்' வாங்க வேண்டும். பிட் என்றதும் தேர்வறைத் துண்டுச்சீட்டு நினைவுக்கு வந்தால் எங்கள் பிழையல்ல. ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கும் பெயர் அது. நுழைவுரிமை என்று வைத்துக்கொள்ளலாம். அதை வழங்க அனுமதி பெற்ற தகுதிப் போட்டிகளில் மட்டுமே அது கிடைக்கும். எல்லாப் போட்டியிலும் கிடைக்காது. முழுச் செலவுடையது, பகுதிச் செலவுடையது, செலவில்லாதது என்று மூன்று வகை. முதல் வகையில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை போட்டி நடத்துபவர் ஏற்கிறார். இரண்டாவதில் ஒரு பங்கு மட்டும். மூன்றாவதற்கு 'அட்-லார்ஜ்' என்று பெயர்: உள்ளே வரலாம், ஒரு ரூபாயும் வராது. பதிவுக் கட்டணம், தங்குமிடம், விமானம் அத்தனையும் குடும்பத்தின் தலையில். தங்குமிடத்தையும் நடத்துபவர் சொல்லும் தொகுப்பில்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒர்லாண்டோவில் உறவினர் வீடு இருந்தாலும் பெரிதாக மிச்சமாகாது.

முழுச் செலவு உரிமை எண்ணிக்கையில் மிகக் குறைவு. பெரும்பாலும் வெவ்வேறு பிரிவுகளில் வென்ற அணிகளை மதிப்பெண் சதவீதத்தால் ஒப்பிட்டுத் தருவார்கள். ஆகவே தன் பிரிவில் முதலிடம் வந்த அணிக்கும் அது கிடைக்காமல் போகலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். முதல் இரண்டு அணிகளிடம் ஏற்கெனவே உரிமை இருந்தால் அது கீழே இறங்கி மூன்றாம், நான்காம் இடத்துக்கு வரும். டிசம்பரில் செலவில்லாத வகையை வாங்கிய அணி, பிப்ரவரியில் இன்னொரு போட்டிக்குப் போய் செலவுடையதாக உயர்த்திக்கொள்ளவும் முயலலாம். 'உரிமை கிடைத்தது' என்றால் 'ஜெயித்தது' என்று அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

மதிப்பெண் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் செய்யக்கூடிய முதல் தவறு, அணியின் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுப்பது. 20 பேரில் நான்கு பேர் பேக் டக் (கை ஊன்றாமல் பின்னோக்கி அடிக்கும் கரணம்) அட்டகாசமாக அடிப்பார்கள்; உடனே நிலை 3-இல் பதிவு செய்துவிடுவார்கள். ஆனால் எத்தனை பேர் செய்கிறார்கள் என்பதும் எண்ணப்படுகிறது. தூக்குதலிலும் அப்படியே: கீழே இருவர், பின்னால் ஒருவர், மேலே ஒருவர் என்று நால்வர் ஒரு குழு, 20 பேர் என்றால் ஐந்து குழு. ஐந்தும் ஒன்றாக ஏற வேண்டும். மேலே நிற்கும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு குழு மட்டும் போகாது, பிரமிட்டும் கலையும். மாற்றாள் ஒருத்திக்கு ஆரம்பத்திலிருந்தே பயிற்சி கொடுக்காத அணி தகுதிப் போட்டிக்கே போக வேண்டாம்.

அதிகம் செய்தாலும் அடிவிழும். நிலை 1-இல் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (கை ஊன்றிப் பின்னோக்கி அடிக்கும் கரணம்) அடித்தால் பாராட்டு வராது, விதிமீறலுக்கு மதிப்பெண் கழிவு வரும். அது நிலை 2-க்கு உரியது. தரையில் கை ஊன்றினால், தூக்கப்பட்டவர் சரிந்தால், நேரம் தாண்டினால் தனித்தனிக் கழிவு. முன்னணி அணிகளுக்குள் இடைவெளி தசம எண்ணில் இருக்கும் என்பதால் ஒரு சரிவே உரிமையைக் கொண்டுபோய்விடும். இசையிலும் கண்ணி இருக்கிறது. குத்துப் பாட்டையும் கானாவையும் வெட்டி ஒட்டிக்கொண்டு போக முடியாது. உரிமம் பெற்ற இசை என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

தளத்தின் அளவு 54க்கு 42 அடி. ஆண்கள் கபடி விரிப்பு 13க்கு 10 மீட்டர்தான், இதைவிடச் சிறியது. இரண்டு ஷட்டில் கோர்ட் பக்கம் பக்கமாக உள்ள கூடம், ஓரங்களையும் சேர்த்தால், ஏறக்குறைய பொருந்தும். கல்யாண மண்டபத்தில் பழகுவது ஆபத்து. தோழிகளின் உயர்த்திய கைகளில் ஒரு பெண் நின்றாலே 11 அடி ஆகும். அங்கே மின்விசிறி சுற்றுகிறது, கீழே டைல்ஸ்.

நாட்காட்டியும் நமக்குச் சாதகமாக இல்லை. உரிமை வழங்கும் போட்டிகள் மார்ச் வரை நீள்கின்றன, இறுதிப் போட்டி ஏப்ரலில். கடைசி நேரத்தில் உரிமை வாங்கிய அணிக்கு விசா நேர்காணலுக்குச் சில வாரங்களே மிஞ்சும். அதே வாரங்களில்தான் நம் பொதுத்தேர்வு. விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. அணியில் நால்வருக்கு மறுத்தால், பதிவு செய்த எண்ணிக்கையே இல்லாமல் போகும்.

ஆகவே கடிதம் கையில் வந்ததும் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும்: நாட்டணியா, கிளப் அணியா? கிளப் என்றால் எந்தத் தகுதிப் போட்டியில், எந்தத் தேதியில், எந்த வகை உரிமை? நாட்டணி என்றால், அனுப்பும் சங்கத்தின் பெயர் ஐ.சி.யு.வின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா? விசா மறுத்தால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? தகுதிப் போட்டியே நடக்காமல் 'வீடியோ பார்த்துத் தேர்வு செய்தோம், இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள்' என்று வந்தால், போட்டி நடத்துபவருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். சான்றிதழை நம்பிக் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டைக் கணக்குப் போடுகிறவர்கள், அந்த ஆண்டு அரசு வெளியிடும் விளையாட்டுகளின் பட்டியலை முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிச் செய்தி வரும்போது 'தேர்வு' என்பதோடு நிறுத்தாமல், எந்தப் போட்டி, எந்த வகை உரிமை, செலவு யாருடையது என்று கூடுதலாக ஒரு வரி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்றுநர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.