சுக்கான் மண்ணில் பானை நிற்காது, ஐயா

மதிப்பிற்குரிய வட்டாட்சியர் ஐயா அவர்களுக்கு, வேளார் தெரு மண்பாண்டத் தொழிலாளர்களின் வணக்கம்.

களிமண்ணுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை 2024-ல் அரசு உங்கள் கைக்கே மாற்றியபோது, கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்த அலைச்சல் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டோம். மண்பாண்டத்துக்கு 60 கனமீட்டர், கட்டணம் கிடையாது. விதி எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் கண்மாயில் களிமண் எடுக்கக் கொடுத்த மனு திரும்பி வந்துவிட்டது. மண் எடுக்கலாம் என்று அரசிதழில் வெளியிட்ட கண்மாய்ப் பட்டியலில் எங்கள் கண்மாய் இல்லையாம். பட்டியலில் இருக்கிற மேற்குக் கண்மாயில் வெட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். அங்கே கிடப்பது சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல் துணுக்கு, கலந்த மண். வயலுக்கு அடிக்கலாம், பானைக்கு ஆகாது. "எல்லாம் மண்ணுதானே" என்றார் உங்கள் அலுவலர் ஒருவர்.

போன வருஷம் வேறு வழியில்லாமல் அந்த மண்ணில்தான் ஒரு சூளை போட்டோம். ஊறவைத்து, சலித்து, மிதித்து எவ்வளவு பக்குவம் பார்த்தாலும் கடுகளவு சுக்கான் தப்பிவிடுகிறது. சூளையில் அது சுண்ணாம்பாக வெந்து உள்ளேயே கிடக்கும். பானை நல்ல சிவப்பாக, தட்டினால் கணீரென்றுதான் வெளியே வரும். நாலைந்து நாளில் ஈரக்காற்று பட்டதும் சுண்ணாம்பு பூத்து, பானை வயிற்றில் எட்டணா அகலத்துக்குச் சில்லு தெறிக்கும். குழிக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு. விற்ற பானைகள் எல்லாம் வாசலுக்குத் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அதனால்தான் கேட்கிறோம்: எங்கள் கண்மாயைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரை செய்யுங்கள்.

பொங்கலுக்கு ஆபீஸ் வாசலில் மண்பானை வைத்துப் படம் எடுக்கிறார்கள். 2019-ல் பிளாஸ்டிக்கைத் தடை செய்துவிட்டு மண் குவளைக்கு மாறுங்கள் என்கிறார்கள். மாறட்டும், சந்தோஷம். அந்தக் குவளைக்கு மண் ஆகாயத்திலிருந்து விழும்போலிருக்கிறது. ராத்திரியில் எங்கள் தெரு வழியாகவே போகிற டிப்பர் லாரிகள் எந்த அரசிதழைப் பார்த்து வெட்டுகின்றன என்று கேட்கவும் வாய் வருகிறது. மனு கொடுத்தவன் அதையெல்லாம் கேட்கக் கூடாது. மன்னிக்க வேண்டும்.

மழைக்கால உதவித்தொகை 5,000 ரூபாய்க்கு நன்றி. ஆனால் ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டால் மாசி, பங்குனி வரை மண்ணைத் தொட முடியாது. கார்த்திகை அகலும் தைப் பானையும் இப்போது வெட்டுகிற மண்ணில்தான் ஆகவேண்டும். ஆகவே ஆடி முடிவதற்குள் எங்கள் கண்மாயைச் சேர்த்து அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தள ஆய்வுக்கு நாள் குறித்துச் சொல்லுங்கள். இரண்டு மண்ணையும் எடுத்துக்கொண்டு கரையில் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வேளார் தெரு மண்பாண்டத் தொழிலாளர்கள்