நெல்லுக்கு ஒரு களம், பிள்ளைகளுக்கு அவர்கள் மைதானம்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

நாள்: 15.12.2025

அனுப்புநர்:
பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், முன்னாள் மாணவர்கள்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவாரூர்.

பொருள்: பள்ளி விளையாட்டு மைதானத்தில் நெல் கொட்டுவதற்கு மாற்றிடம் அமைத்துத் தரவும், மைதானத்தைச் சீர்செய்து தரவும், முழுநேர உடற்கல்வி ஆசிரியரை நியமிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஊர்க்காரர்கள் சார்பில் இந்த மனுவை எழுதுகிற நான் ஒரு விவசாயி. ஒன்பது மா நிலம், அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர், குத்தகைக்குச் செய்கிறேன். இந்தக் குறுவையில் அறுத்த நெல்லைப் பள்ளி மைதானத்தில்தான் கொட்டினேன். பதினோரு நாள் அங்கேயே தார்ப்பாய் ஓரத்தில் படுத்துக் காவல் காத்தேன். என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கபடி அணியில் இருக்கிறாள். ஆடுகளம் இருந்த இடத்தில் என் நெல் கிடக்க, அவளும் கூட்டாளிகளும் தாழ்வாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்ததை எதிரில் இருந்து நானே பார்த்தேன். ஆகவே யார் மேலும் புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை. குற்றம் என்று எடுத்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் பள்ளியில் 6 முதல் 10 வரை வகுப்புகள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள நான்கைந்து சிற்றூர்ப் பிள்ளைகளும் இங்கேதான் வருகிறார்கள். மைதானம் இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று பக்கம் சுற்றுச்சுவர், ஒரு பக்கம் வாய்க்கால். கபடிக்கும் கோ-கோவுக்கும் தனித்தனிக் களம், வாலிபால் கம்பம், நீளம் தாண்டும் மணல் குழி, சுற்றி ஓட ஒரு தடம் எல்லாம் இருந்தன. நான் படித்த காலத்திலும் அப்படித்தான். தற்காலிக நேரடி நெல் கொள்முதல் நிலையம் பள்ளியை ஒட்டித் திறக்கப்பட்டபோது, இடம் போதாத மூட்டைகளை மட்டும் 'ரெண்டே நாள்' என்று சொல்லி மைதானத்தில் அடுக்கினார்கள். நாங்களும் சரி என்றோம். அது நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அறுவடை தொடங்கினாலே லாரிக்குப் பள்ளி கேட்டைத் திறந்து விடுவது வழக்கமாகிவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று என்பது தங்களுக்குத் தெரியாதது இல்லை. முன்பு ஆள் வைத்து அறுக்கும்போது நெல் கொஞ்சம் கொஞ்சமாகக் களத்துக்கு வரும். இப்போது இயந்திரம் இறங்கினால் ஊர் வயல் முழுவதும் ஒரு வாரத்தில் மொட்டையாகிறது. அத்தனை நெல்லும் ஈரத்தோடு ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். அரசு தளர்வு கொடுத்தால்தான் உண்டு. எனவே காய வைத்தாக வேண்டும். காய வைக்க இடம்? ஊரின் பழைய களத்துமேட்டில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தார் ரோட்டில் காய வைத்தால் பைக்கில் வருகிறவன் சறுக்கி விழுகிறான். மிச்சம் இருப்பது மைதானம் ஒன்றுதான். அப்புறம், எடை போட்ட 40 கிலோ மூட்டைகளை ஏற்ற லாரி வருவதற்குத் தாமதமானால் அவையும் அங்கேயே தேங்குகின்றன. இந்த அக்டோபர் மழையில் அடி மூட்டைகளில் முளை கண்டதைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு படித்தார்கள்.

நெல் போன பிறகு மைதானம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஈரத்தில் லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்கள் காய்ந்து கல் மாதிரி இறுகிக் கிடக்கின்றன. அதில் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். தார்ப்பாய் பறக்காமல் இருக்க வைத்த செங்கல் துண்டுகள், அறுந்த சாக்குக் கயிறு, தைக்கிற ஊசி எல்லாம் மண்ணில் புதைந்திருக்கின்றன. மூட்டைக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. மணல் குழி முழுக்கப் பதர். கபடி ஆடுகிறவர்கள் மண்ணில் புரள வேண்டியவர்கள். நெல் சுணை ஏறிய மண்ணில் ஒரு முறை விழுந்து எழுந்தால் உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். என் மகள் ஒரு நாள் ராத்திரி முழுக்க முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். விளக்கெண்ணெய் தடவிவிட்டு, 'நம்ம நெல்லுதான்டி' என்று அவள் அம்மா சொன்னதற்கு அவள் சிரிக்கவே இல்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மைதானம் போனதால் பையன்கள் பெரிதாகக் கெட்டுவிடவில்லை. அறுத்த வயலில் கட்டைகளை நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆற்றங்கரையில் வாலிபால் வலை கட்டுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத்தான் போக்கிடம் இல்லை. சுவருக்குள் இருக்கிற பள்ளி மைதானம் என்பதால்தான் எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளை மாலை ஐந்தரை வரை ஆட விட்டோம். மைதானம் இல்லை என்று ஆனதும், உடற்கல்வி ஆசிரியர் கோயில் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். அந்த வாரமே இரண்டு வீட்டில் 'வயசுக்கு வந்த பிள்ளை ரோட்டில் ஆடுவதா' என்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு பேர் இறங்க வேண்டிய ஆட்டம். மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து இப்போது ஒன்பது பேர்தான் மிச்சம்.

போன வருடம் இதே பெண்கள் குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போனார்கள். அங்கே மேட் விரித்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதுவரை மேட்டில் கால் வைத்ததில்லை. மண் தரையில் பாடிப் போகிறவள் குதிகாலை ஊன்றித் திரும்புவாள். மேட்டில் வெறுங்காலோடு அதைச் செய்தபோது வழுக்கிக்கொண்டே போனாள். முதல் பாதியில் மூன்று ரெய்டு அப்படியே வீணாயிற்று. இரண்டாம் பாதியில் பழகிக்கொண்டு நெருங்கி வந்தும் தோற்றார்கள். வேனில் திரும்பும்போது எல்லாரும் அழுதுகொண்டு வந்தார்கள். 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்' என்று அணித்தலைவிதான் ஆசிரியருக்கு ஆறுதல் சொன்னாளாம். அந்த அடுத்த வருஷம் இதுதான். இந்த வருடம் பயிற்சியே இல்லாமல் போய்க் குறுவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள்.

நமது மாவட்டத்தில் கபடிக்கு என்ன மதிப்பு என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஹ்ரைனில் இந்த அக்டோபரில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இருவருக்கும் முதலமைச்சர் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்த செய்தி வந்த அன்று எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் பிள்ளைகள் கார்த்திகா படத்தை வெட்டி ஒட்டினார்கள். எங்கள் பிள்ளைகளும் பதக்கம் வாங்கி வருவார்கள் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. மகளிர் கபடிக்கு வேண்டியது 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள மண் தரை. இரண்டு ஏக்கரில் அவ்வளவு இடம்கூட இல்லை என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கபடியோடு இது நிற்கவில்லை. அரசுப் பள்ளிகளில் 2024-இல் 'மகிழ் முற்றம்' கொண்டுவந்து குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணியாகப் பிள்ளைகளைப் பிரித்தபோது பள்ளியே கலகலவென்று ஆனது. வீட்டில் அண்ணன் முல்லை, தங்கை நெய்தல் என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் சண்டை. ஐந்து கொடியும் தைத்தார்கள். ஆனால் கொடியைப் பிடித்துக்கொண்டு அணிவகுத்துப் போக இடம் இல்லை. போன முறை ஆண்டு விளையாட்டு விழாவின் 100 மீட்டர் ஓட்டம் பள்ளிக்கு முன்னால் ரோட்டில் நடந்தது. இரண்டு முனையிலும் ஆசிரியர்கள் நின்று பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜல்லியில் விழுந்து இரண்டு முட்டியும் தேய்ந்து இரத்தத்தோடு ஓடி முடித்தான். மைதானம் முழுக்க நெல் கிடந்ததால் 'மருதம் அணிதான் சார் எல்லா இடத்தையும் பிடிச்சிட்டாங்க' என்று பிள்ளைகள் கேலி பேசினார்கள். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தது நன்றாகவே மனதில் பதிந்திருக்கிறது.

உடற்கல்வி ஆசிரியர் பற்றியும் ஒரு வார்த்தை. முழுநேரப் பணியிடம் காலியாகி மூன்றாவது கல்வியாண்டு நடக்கிறது. இப்போது இருப்பவர் பகுதிநேர ஆசிரியர். வாரத்தில் மூன்று அரை நாள்தான் அவருக்குப் பணி. மற்ற நாளிலும் வருகிறார், சொந்தக் காசில் பந்து வாங்குகிறார், போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார். அவர் நல்ல மனிதர் என்பதற்காக அவரை வைத்தே காலத்தை ஓட்டுவது நியாயமா? அவர் இல்லாத நாளில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்புக்கு அந்தப் பீரியட் காலஅட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றில் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை என்றால் எங்கள் பள்ளியின் 6, 7, 8 வகுப்புகள் அதற்குள் வருகின்றன. 2024-இல் 12,525 ஊராட்சிகளுக்கும் அறிவித்த கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் எங்கள் ஊராட்சிக்கும் வந்தன. பூட்டிய அறையில் இருக்கின்றன. மைதானமே இல்லாதபோது கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டார்கள் போலும். ஜனவரியில் உள்ளாட்சி மன்றத்தின் காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருப்பதால், போய் உரிமையோடு கேட்கத் தலைவரும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதுபற்றி இரண்டு முறை தீர்மானம் போட்டோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் சென்ற ஆண்டு கொடுத்த மனுவுக்கு 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்ற பதில் வந்தது. எங்கே அனுப்பப்பட்டது என்று இரண்டு அலுவலகத்தில் கேட்டோம். இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். அதனால்தான் இந்த முறை நேராகத் தங்கள் கையில் கொடுக்க வந்திருக்கிறோம்.

கொள்முதல் நிலையத்தை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அது மூடினால் நெல்லை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு நட்டத்தில் நிற்கப் போவதும் நாங்கள்தான். பழைய களத்துமேடு அரசுப் புறம்போக்கு; பள்ளியிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லை; லாரி போகப் பாதை இருக்கிறது. அதில் உள்ள சீமைக்கருவேலத்தை அகற்றி, சிமெண்ட் உலர்களம் ஒன்றும் மூட்டை அடுக்க மேடை ஒன்றும் அமைத்துத் தர வேண்டுகிறோம். தை பிறந்தால் சம்பா அறுவடை. அதற்குள் சிமெண்ட் தளம் முடியாது என்பது எங்களுக்கும் புரிகிறது. முதலில் கருவேலத்தை மட்டும் வெட்டித் தரையைச் சமன்செய்து கொடுத்தாலே இந்தச் சம்பாவைத் தார்ப்பாய் விரித்துச் சமாளித்துக்கொள்வோம். அதற்கு ஊரில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பள்ளி கேட்டுக்குள் இனி லாரி வரக் கூடாது என்று எழுத்து மூலம் ஓர் உத்தரவு வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் தலைமையாசிரியரால் தடுக்க முடியாது. மூட்டையோடு வந்து நிற்பவர்கள் அவருடைய மாணவர்களின் அப்பாக்கள்.

மைதானத்தில் ஒரு முழம் ஆழத்துக்கு உழுது, கயிறும் கம்பியும் பொறுக்கி எடுத்து, செம்மண் அடித்து உருளை போட வேண்டும். டிராக்டர் எங்களிடம் இருக்கிறது, ஆளும் நாங்களே வருகிறோம். மண் எடுக்க அனுமதி மட்டும் தாருங்கள். முழுநேர உடற்கல்வி ஆசிரியர் நியமனத்துக்கு முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பரிந்துரைக்கவும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இருக்கிற பழைய கபடி மேட் ஒன்றை எங்கள் பிள்ளைகள் பழகுவதற்காவது தரவும் ஏற்பாடு செய்ய வேண்டும். பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை இல்லை; வகுப்பறைக் கதவைச் சாத்தி, வெளியே ஒரு பிள்ளை காவல் நின்று மாற்றிக்கொள்கிறார்கள். அதையும் சேர்த்துக் கேட்க எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லி அனுப்பினார்கள்.

'உங்களைத் தேடி உங்கள் ஊரில்' முகாமுக்கு எங்கள் வட்டத்துக்குத் தாங்கள் வரும் நாளில், காலை ஏழு மணி வாக்கில் ஐந்து நிமிடம் பள்ளிப் பக்கம் வந்து பார்க்க வேண்டுகிறோம். கேட்டை நாங்களே திறந்து வைக்கிறோம். பள்ளத்தைப் பார்த்து நடந்து வரவும்.

தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், முன்னாள் மாணவர்கள்

இணைப்பு: ஊர்மக்கள் கையெழுத்துத் தாள்கள், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல்கள், முந்தைய மனுவின் ஒப்புகைச் சீட்டு, மைதானத்தின் புகைப்படங்கள், கபடி அணி மாணவிகள் ஒன்பது பேர் தங்கள் கையால் எழுதிய கடிதம்.