உட்கார வைக்காதே, வேலை கொடு

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே உன் பிள்ளை பிடுங்கிக்கொள்கிறான், அதனால் எழுதுகிறேன். வகுப்பில் ஓர் இடத்தில் உட்கார மாட்டேங்கிறான், வீட்டில் சோபாவிலிருந்து குதிக்கிறான், கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று நீ அழுதது மனதை விட்டுப் போகவில்லை.

அங்கன்வாடியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். 'உட்காரு, உட்காரு' என்று அதட்டி யாரையும் உட்கார வைத்ததில்லை. உடம்பு ஆசைதீர வேலை செய்துவிட்டால் தானாக வந்து உட்காருவான்.

நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. டிவி, செல்போன் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாதாம். இப்போது அவன் நாளைக் கூட்டிப் பார். வேனில் உட்கார்ந்து போகிறான், வகுப்பில் உட்காருகிறான், வீட்டுக்கு வந்ததும் எழுத்துப் பயிற்சிக்கு உட்காருகிறான். பிள்ளை எப்போதுதான் ஓடுவான்? மூன்று மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கொடுக்க வேண்டாம். காலையில் கொஞ்சம், வேனை விட்டு இறங்கியதும் நிறைய, சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்துக் கொடு.

நான் பார்த்தவரை, வெறும் ஓட்டத்தைவிடத் தூக்குவது, இழுப்பது, தள்ளுவது, ஏறுவது, இந்த நாலும்தான் துறுதுறுப்பான பிள்ளைகளுக்கு ஒத்து வருகிறது. போன லீவில் இங்கே வந்தபோது முருங்கைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவனிடம் விட்டேன். சின்ன வாளியில் அரை வாளிதான். இரண்டு கையாலும் வாளியின் காதைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல் அடிமேல் அடி வைத்து நடந்தான். முருங்கைக்கு ஊற்றியது போதாதென்று துளசிக்கும் செம்பருத்திக்கும் ஊற்றிவிட்டு வந்தான். அப்புறம் செல்போன் கேட்காமல், ஓடாமல், தட்டில் போட்ட இட்லியை முழுக்கச் சாப்பிட்டான்.

உன் பிளாட்டில் கிணறும் இல்லை, கன்றும் இல்லை. சரி, பழைய போர்வையை விரித்து அதன் மேல் தலையணைகளை அடுக்கி, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு இழுக்கச் சொல். கடையிலிருந்து வரும்போது வெங்காயப் பையை அவன் கையில் கொடு. லிப்டை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துப் படியேறு. மழை நாளில் தவளை மாதிரி தாவட்டும், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கட்டும். தாவுகிற இடத்தில் மெத்தையைப் போட்டுவிட்டால் கீழ்வீட்டிலும் சத்தம் கேட்காது. நொண்டி ஆடச் சொல்லி இப்போதே வற்புறுத்தாதே. ஒற்றைக்காலில் தாவுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்குள் வந்துவிடும். பெரிய பந்தைப் பிடிப்பது இந்த வயதுக்குச் சரியான விளையாட்டு.

பந்து என்றதும் நம் பக்கத்து வீட்டுப் புனலூர் அக்கா ஞாபகம் வருகிறது. தென்னங்கீற்றில் ஈர்க்கை உருவிவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் ஓலைப்பந்து முடைந்துவிடுவார். எத்தனை வேகமாக எறிந்தாலும் கண்ணாடி உடையாது, முகத்தில் பட்டாலும் அவ்வளவாக வலிக்காது. உனக்குப் பார்சலில் அனுப்பலாம் என்று பார்த்தால் காய்ந்து தளர்ந்துவிடும். அதற்குப் பதில் பழைய சாக்ஸைச் சுருட்டிக் கொடு.

தூங்கப் போகிற நேரத்தில் மட்டும் குதிக்க விடாதே. விளக்கைக் குறைத்து, காலைப் பிடித்துவிட்டுக் கதை சொல். இந்த வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் இன்னும் ஆடுவான். சேட்டை செய்ததற்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்தாதே. அவனுக்கு மிகவும் வேண்டியதைப் பிடுங்கினால் சேட்டை கூடத்தான் செய்யும்.

'ஏதாவது கோளாறா' என்று அந்த டீச்சர் கேட்டதற்காக ராத்திரியெல்லாம் முழித்திருக்காதே. டாக்டர்கள்கூட, வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் அப்படி இருக்கிறானா, ஆறு மாதமாவது நீடிக்கிறதா என்றெல்லாம் விசாரித்துத்தான் முடிவு சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் குழந்தை டாக்டரிடம் கேட்டுவிடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதலில் ஒரு மாதம் அவனை நன்றாக ஓட விட்டுப் பார்.

மே மாதம் கட்டாயம் அனுப்பிவை. நுங்கு சீசன், அப்பா நுங்கு வண்டி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நுங்கைத் தின்றுவிட்டு இரண்டு வெறுங்காய்களையும் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடட்டும். புனலூர் ரயிலில் தென்மலை வரை கூட்டிப்போய்க் குகையும் பதிமூன்று கண் பாலமும் காட்டுகிறேன். புதுச் சட்டை எதுவும் வைத்து அனுப்பாதே, சாயம்போன கால்சட்டைகள் போதும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா