இயற்பியல் துறை ஆசிரியர்களுக்கு: தொழிலுக்குப் போகிறவரும் உங்கள் மாணவர்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். நான் இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, பல ஆண்டுகளாக அளவீட்டுக் கருவிகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். பாடத்திட்டத்தைத் தீர்மானிப்பவர்களும் ஆய்வக வகுப்பை நடத்துபவர்களும் நீங்கள்தான். "அடுத்து என்ன செய்யலாம்?" என்று இறுதியாண்டு மாணவர் வந்து நிற்பதும் உங்கள் அறை வாசலில்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

வேலை கிடைத்த செய்தியை ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது, "அப்போ இயற்பியலை விட்டுவிடுகிறாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஆனாலும் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் நீண்ட நாள் அந்த வார்த்தை எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது உண்மையில்லை என்று வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது.

எனக்குத் தந்த முதல் வேலை, மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு நகர்வைக் காட்டும் ஓர் உணரியை (சென்சாரை) சரிசெய்வது. காலையில் ஒழுங்காக இருக்கும், மதியத்துக்குள் அளவு ஏழு மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்கும். ஒரு வாரம் முழுக்க மின்சுற்றில் குறை தேடினேன். கணினி நிரலை இரண்டு முறை மாற்றி எழுதினேன். கடைசியில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் வந்து, உணரியைத் தாங்கியிருந்த அலுமினியச் சட்டத்தைத் தொட்டு, "தம்பி, இது எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். பத்து சென்டிமீட்டர். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும். அப்படியென்றால் அந்தச் சட்டம் டிகிரிக்கு 2.3 மைக்ரோமீட்டர் நீளும். அறையின் வெப்பநிலையோ காலைக்கும் மதியத்துக்கும் இடையில் மூன்று டிகிரி ஏறிக்கொண்டிருந்தது.

இது பள்ளியிலேயே படித்த பாடம். தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். ஆனால் என் முன்னால் இருந்த பொருளில் அதைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தை இன்வாருக்கு மாற்றினோம். நகர்வு ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே இறங்கியது. இன்வார் என்பது நிக்கலும் இரும்பும் கலந்த உலோகக் கலவை, வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும். எடைகள், அளவைகளுக்கான சர்வதேச அமைப்பில் பணியாற்றிய சார்ல் எடுவார் கியோம், நிக்கல் எஃகுக் கலவைகளின் இந்த வினோத குணத்தைக் கண்டறிந்ததற்காக 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1921ஆம் ஆண்டுக்கான பரிசு ஐன்ஸ்டீனுக்கு. துல்லியமாக அளப்பதற்கும் ஒளியின் இயல்பைப் புரிந்துகொள்வதற்கும் ஒரே மரியாதைதான் தரப்பட்டது. நம் வகுப்பறைகளில் அந்த மரியாதை ஏன் ஒரு பக்கம் மட்டும் குறைந்துபோனது?

தொலைபேசி, இணையத் தகவல்களை ஒளியாகச் சுமந்து செல்லும் மெல்லிய கண்ணாடி இழையான ஒளியிழையின் கதையையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். 1966இல் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றைய கண்ணாடியில் ஒளி இருபது மீட்டர் போவதற்குள் நூற்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். இதற்குக் காரணம் கண்ணாடி இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற மாசுகள்தான் என்று அவர்கள் வாதிட்டார்கள். மாசை நீக்கினால் ஒரு கிலோமீட்டர் போன பிறகும் அந்த ஒரு பங்கு மிஞ்சும், தொலைத்தொடர்புக்கு அது போதும் என்றார்கள். நான்கே ஆண்டுகளில் கார்னிங் என்ற கண்ணாடி நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டிக் காட்டினார்கள். காவ் படித்தது மின் பொறியியல், 2009இல் பெற்றதோ இயற்பியல் நோபல். ஜான் பார்டீனும் இப்படித்தான். முதலில் மின் பொறியியல் படித்தார். பிறகு எண்ணெய் நிறுவனம் ஒன்றில் புவி இயற்பியல் வேலை பார்த்தார். அதற்கப்புறம்தான் முனைவர் பட்டம், டிரான்சிஸ்டர், மீக்கடத்துத்திறன் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் நிலை) பற்றிய ஆய்வு எல்லாம். இயற்பியல் நோபலை இரண்டு முறை பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். இயற்பியலுக்கும் பொறியியலுக்கும் நடுவே நாம் எழுப்பி வைத்திருக்கும் சுவர் இவர்கள் கண்ணில் பட்டதே இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறேன்?

குவாண்டம் இயக்கவியலையோ மின்காந்தவியலையோ குறைக்கச் சொல்லவே மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கற்ற மென்பொருள் இன்று புழக்கத்தில் இல்லை, மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். இன்றைய மிக நுண்ணிய சிப்புகளை 13.5 நானோமீட்டர் ஒளியால் அச்சிடுகிறார்கள். அந்த அலைநீளத்தைக் காற்றும் உறிஞ்சும், கண்ணாடியும் உறிஞ்சும். அதனால் எல்லாம் வெற்றிடத்தில்தான் நடக்க வேண்டும், லென்சுக்குப் பதில் அடுக்கடுக்கான பூச்சுள்ள ஆடிகள்தான் வேண்டும். அடிப்படை தெரிந்தவருக்கே இந்த வேலை.

மாற வேண்டியது ஆய்வகம். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று முன்பே தெரியும். வராவிட்டால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன், என் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழுந்தது. கருவித் தொழிலில் இதைவிட ஆபத்தான பழக்கம் எதுவும் இல்லை. கதிரியக்கச் சிகிச்சைக் கருவியின் அளவைச் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 9.4 வந்தால் 9.4 என்று எழுதட்டும். அதன் பிழை எல்லை எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். மதிப்பெண்ணை அந்த இரண்டு பக்கத்துக்குக் கொடுங்கள்.

இன்னொன்றையும் முதலாண்டிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பல நாடுகளில், கட்டுமானம் போன்ற துறைகளில் பொறியாளராகக் கையெழுத்திட அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டமும் உரிமமும் தேவை. இயற்பியல் பட்டம் மட்டும் அங்கே போதாமல் போகலாம். ஒளியியல், குறைக்கடத்தி, உணரிகள், மருத்துவப் படமெடுப்பு போன்ற துறைகளில் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. இது முன்பே தெரிந்தால் மாணவர் தன் விருப்பப் பாடங்களை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார். கடைசி ஆண்டில் தெரிந்துகொண்டு பதறுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு சோதனையை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்று கேட்கிறேன். ஒரு கிலோ ஓம் மின்தடை, அறை வெப்பநிலை, பத்து கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டை. அதன் முனைகளில் சுமார் 0.4 மைக்ரோவோல்ட் வெப்ப இரைச்சல், அதாவது எலக்ட்ரான்களின் வெப்ப அசைவால் தானாக எழும் மின்னழுத்த ஏற்ற இறக்கம், இருக்கும். ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கி, 1928இல் இருவரும் வெளியிட்டது இது. அதை அளந்து, வெப்பநிலையையும் ஆற்றலையும் இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாணவரே பெருக்கியை (ஆம்ப்ளிஃபையரை) கட்ட வேண்டும், சாலிடர் வைக்க வேண்டும், வெளி இரைச்சல் புகாமல் உலோகப் பெட்டிக்குள் மூட வேண்டும், பெருக்கியின் சொந்த இரைச்சலைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். முதல் முறை யாருக்கும் சரியாக வராது. இரண்டு வாரம் கொடுங்கள்.

மின்சுற்று வரைபடத்தையும், எங்கெல்லாம் தப்பும் என்ற என் குறிப்புகளையும் கேட்கிற எந்தத் துறைக்கும் அனுப்பித் தருகிறேன். முதல் நாள் ஆய்வகத்தில் மாணவர்களோடு உட்காரவும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்